ஸ்லாட்டைக் கழுவிய தண்ணீர்

1. பச்சை விழாத தெரு

பிலோமினா அக்கா என் ஜீப்பை மறித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஷேர் ஆட்டோ, அதில் மீன் கூடைகள், ஐந்தாறு பெண்கள்.

“இஞ்சினியரம்மா, எங்க தெருவுக்கு மட்டும் பச்சையே விழாதோ? செவப்புலயே ஓடுதோம். இப்பம் ஒரு ட்ரெய்லர்காரன் மயிரிழையில விட்டுட்டுப் போறான். நாங்க செத்தாத்தான் பாப்பியளோ?”

துறைமுகச் சாலையில் அவர்கள் தெரு வந்து சேரும் இடத்து சிக்னல் அது. கோட்டுக்கு முன்னால் தார்ச்சாலையை நீள்சதுரமாக வெட்டி, அந்த ஸ்லாட்டில் வயரைச் சுற்றிப் பதித்து, சீலண்ட் ஊற்றி மூடுவதுதான் லூப். வண்டி மேலே வந்து நின்றால் கன்ட்ரோலருக்குத் தெரியும், பச்சை கொடுக்கும். அந்தத் தெரு லூப் செத்துப் போயிருந்தது. தெருவில் வண்டியே இல்லை என்று நினைத்து, கன்ட்ரோலர் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பதித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சீலண்டின் ஓரத்தை நெம்பினேன், ரிப்பன் மாதிரி முழுசாக உரிந்து வந்தது. உள்ளே ஈரம். வயர் இறங்குவதற்கு முன் ஸ்லாட்டை நேரில் பார்த்ததாக ஃபாரத்தில் கையெழுத்து இருந்தது. கான்ட்ராக்டரின் வேலையைச் சரிபார்க்க வேண்டிய என் கையெழுத்து அது. அன்று நான் ஆபீசில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தேன். வயரில் மின்கசிவு இருக்கிறதா என்று மீட்டரால் பார்க்கும் மெகர் டெஸ்டில் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறது என்று போனில் சொன்னார்கள், கையெழுத்தைப் போட்டுவிட்டேன். பிலோமினா அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜீப்பில் ஏறினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2. ஒரு டம்ளர் தண்ணீர்

மாற்று லூப் போடும் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய ஸ்லாட்டைத் தொடாமல் தள்ளிப் புதிதாக வெட்ட வேண்டும், சாலைக்குள் வயரில் ஜாயின்ட் கூடாது என்பதெல்லாம் ஒப்பந்தம். கான்ட்ராக்டரின் சைட் மேனேஜர் தங்கராஜ் அண்ணாச்சி, ஏரல்காரர், இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். மூலைகளைக்கூட வயர் மடங்கி நசுங்காதபடி சாய்வாக வெட்டியிருந்தார். ஸ்லாட்டைக் கழுவி, கம்ப்ரெசரால் காற்றடித்து, “மேடம், வயர இறக்கிருவமா?” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். காய்ந்த ஸ்லாட்டின் சுவரில் வெள்ளைப் பூச்சு.

“ஜல்லிப் பொடி, மேடம்.”

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். தூத்துக்குடியில் பிழைக்கிறவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். உப்பு.

“அண்ணாச்சி, டேங்கர் தண்ணி எங்க புடிச்சது?”

“உப்பளத்துப் பக்கம் ஒரு போர்வெல். எப்பமும் அங்கனதான் புடிக்கோம். ரோட்ட கழுவத்தான, மேடம்.”

முதல் லூப் ஏன் செத்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. உப்புப் படிந்த சுவரில் சீலண்ட் பிடிக்கவில்லை. பதித்த அன்று மெகர் நல்ல ரீடிங் காட்டும். பிறகு இடுக்கில் ஈரம் இறங்கி வயரைக் கெடுத்துவிடும்.

ஒப்பந்தத்தைக் காட்டினேன். குடிக்கத்தக்க தண்ணீரால் கழுவ வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. அவர் சிரித்தார்.

“எல்லா ஒப்பந்தத்துலயும் இப்படித்தான் எழுதுவாவ. இதுவும் தண்ணிதான, மேடம்.”

டேங்கர் குழாயைத் திறந்து டீ டம்ளரில் ஒன்று பிடித்து நீட்டினேன். “குடிங்க அண்ணாச்சி. குடிச்சு முடிச்சதும் கையெழுத்துப் போடுதேன்.”

வெட்டு மிஷின்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கராஜ் அண்ணாச்சி டம்ளரை வாங்கவில்லை. போனைத்தான் எடுத்தார். இரண்டு நிமிடத்தில் என் டீம் லீடர் எனக்குப் போன் செய்தார்.

“லேன மூட பதினோரு மணி வரைக்கும்தாம்மா பர்மிஷன். நல்ல தண்ணி எப்ப வந்து சேர? போட்டுவிட்டுருங்க.”

“போட மாட்டேன் சார். வேணும்னா நீங்க வந்து போடுங்க.”

அவர் வரவில்லை.

இதற்குள் பிலோமினா அக்காவும் தெருப் பெண்களும் விஷயம் தெரிந்து குடங்களோடு வந்துவிட்டார்கள். “எங்க தண்ணிய ஊத்துங்க. நல்ல தண்ணி.” தங்கராஜ் அண்ணாச்சி முகம் மலர்ந்து கை நீட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் வீட்டுக் குழாயில் நினைத்தபோது தண்ணீர் வராது.

“அக்கா, குடத்தத் தூக்கிட்டு வீட்டுக்குப் போங்க. ஒங்களுக்குப் பச்சை விழுததுக்கு நீங்க குடிதண்ணியக் குடுக்கக் கூடாது. கொண்டாரது இவங்க வேலை.”

நல்ல தண்ணீர் டேங்கர் பன்னிரண்டரைக்கு வந்தது. அதுவரை, வயர் கன்ட்ரோலருக்குப் போகும் துறைமுகச் சாலை லேனும் மூடியிருந்ததால், ட்ரெய்லர்கள் துறைமுகம் வரை வரிசையில் நின்றன. போலீஸ்காரர் திட்டினார், டிரைவர்கள் ஹாரனை அமுக்கினார்கள். நான் தடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஸ்லாட்டை இரண்டு முறை கழுவிக் காயவைத்து, மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் வயர் இறங்கியது.

3. விளக்கக் கடிதம்

மறுநாள் மெமோ வந்தது. போக்குவரத்தை ஏன் தாமதப்படுத்தினாய் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு வரியில் பதில் எழுதினேன். நேற்று ஸ்லாட்டில் உப்பு இருந்ததால் கையெழுத்திட மறுத்தேன். முதல் லூப்புக்குப் பார்க்காமலே கையெழுத்திட்டேன், தவறு என்னுடையது.

டீம் லீடர் தலையில் கை வைத்தார். “ரெண்டாவது வரிய யாரும்மா கேட்டா? அத எடுத்துருங்க, இந்த மெமோ சும்மா போயிரும்.”

“அதுதான் சார் நடந்தது. முதல் வரி இருந்தா ரெண்டாவதும் இருக்கணும்.”

கடிதம் அப்படியே போனது. அந்த வருடம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஜூனியர் ஒருவருக்குப் போனது. வருத்தப்பட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த லூப் மூன்று மழைக்காலம் தாண்டி இன்னும் ஓடுகிறது. பிலோமினா அக்காவின் ஆட்டோ கோட்டில் வந்து நிற்கிறது, ட்ரெய்லர்கள் நிற்கின்றன, பெண்கள் பேச்சை நிறுத்தாமல் கடந்து போகிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஃபாரத்தில் நம் பேருக்கு எதிரே கையெழுத்துக்குக் காலியாக ஒரு கட்டம் இருக்கிறது. வேலை சரியில்லாதபோது அதைக் காலியாகவே விட்டு வைக்கவும் சேர்த்துத்தான் நம்மை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.