அடுப்புதான் முதலில் இறங்க வேண்டும்

எங்கள் வேனை போடியில் தெரிந்தவர்கள் எல்லோரும் 'வீட்டு வண்டி' என்பார்கள். உள்ளே பின்பக்கம் ஒரு கட்டில், தலைமாட்டில் தண்ணீர் டிரம், ஜன்னலுக்குத் திரை, சுவரோடு மடங்கும் ஒரு பலகை என்று என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து அமைத்தது. நாங்கள் சமையல் கான்டிராக்ட் எடுப்பவர்கள். மலையில் ஏலத்தோட்டத்துக் குடும்பங்களில் கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்றால் முந்தின நாளே போய்ச் சேர வேண்டும். விசேஷ வீட்டில் சொந்தக்காரர்களுக்கே கால் நீட்ட இடம் இருக்காது, சமையல்காரர்களுக்கு யார் கட்டில் போடுவார்கள்? அதனால் வண்டியே வீடு. கட்டில் வந்த பிறகு பாத்திரங்களுக்கு இடம் இல்லாமல் போனது. ஒரு டிரைலர் வாங்கி வேனின் பின்னால் கொக்கி வைத்து மாட்டினோம். சனியனும் அன்றே வந்து மாட்டிக்கொண்டது.

அதற்கு முன்பெல்லாம் மலை ஏறுகிற நேரம் எனக்குப் பூண்டு உரிக்கிற நேரம். அடிவாரத்து முந்தல் தாண்டியதும் கூடையை மடியில் வைத்தால் உச்சியில் போடிமெட்டு வருவதற்குள் பாதி முடிந்துவிடும், பூப்பாறை போவதற்குள் முழுதும் முடிந்துவிடும். ஜன்னல் வழியாகக் குளிர் காற்று, எதிரே தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குகிற ஜீப்புகள், கையில் ஒரு வேலை. வீட்டில் உட்கார்ந்து உரித்தால் எரிச்சலாக வரும் அதே பூண்டு அங்கே சுகமாக இருக்கும். மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு எல்லாம் கீழே சின்னதாகிக்கொண்டே போவது ஒரு காரணமாக இருக்கலாம்.

டிரைலர் வந்ததும் அது போயிற்று. ரோட்டைக் குறை சொல்ல முடியாது, இப்போது அகலமாக நன்றாகவே போட்டிருக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்தால் எந்த வண்டியும் ஒரு தடவை குலுங்கும், அத்தோடு விட்டுவிடும். இது விடாது. வேன் குலுங்கி அடங்கியதும் டிரைலர் தன் பங்குக்கு வேனின் பின்பக்கத்தைத் தூக்கும், போடும், மறுபடி தூக்கும். கொண்டை ஊசி வளைவில் இப்படியும் அப்படியும் வாலை ஆட்டும். முன்னால் ஸ்டியரிங் பிடித்திருக்கிறவருக்கு இதில் பாதிகூடத் தெரியாது. பின்னால் கட்டிலில் இருக்கிற எனக்குத்தான் மொத்தமும். பூண்டுக் கூடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உருண்டிருக்கிறேன். முன்சீட்டுக்குப் போகலாம் என்றால் அங்கே எங்கள் ஆட்கள் இருவர் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு முகூர்த்த மாதம் முழுக்க இப்படி ஏறி இறங்கியதில் என் இடுப்பு போய்விட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, டிஸ்க் விலகியிருக்கிறது, பெல்ட் போடுங்கள், குலுங்குகிற பயணம் கூடவே கூடாது என்றார். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சாவகாசமாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"இந்த முகூர்த்தத்தோட நீ மேல வர வேணாம். சிலமலையில ஒரு அம்மா இருக்காம், மசாலா கைப்பக்குவமாப் போடுமாம். கேட்டுருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் மசாலாவை வைத்துத்தான் மலையில் எங்களுக்குப் பேரே. ஆனால் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது. அந்த வண்டியில் ஏறி இரண்டு பேரும் சேர்ந்து போவதுதான் எங்களுக்குக் குடும்பம். அவர் மேலே, நான் கீழே என்று ஆகிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? இதை அவரிடம் சொல்லவில்லை. பதிலுக்கு, அந்த அம்மாவையே கட்டிலோடு கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. எங்களுக்குப் பழக்கமான பட்டறை அண்ணன் ஒருவர் உண்டு. அவரிடம் வண்டியைக் கொண்டுபோய் ஷாக் அப்சார்பரை மாற்றினார். ஆட்டம் நிற்கவில்லை. பாரம் தாங்கவில்லை போல என்று ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை வைத்தார்கள். இப்போது ஆட்டத்தோடு இடியும் சேர்ந்துகொண்டது. டயரில் காற்றை இறுக்கி அடித்துப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் போடிமெட்டில் இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் குப்புறப் படுத்துவிட்டேன். டீக்கடைக்காரர் பயந்துபோய் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். நாங்களும் பட்டறை அண்ணனுமாக மூவரும் நோயாளியை விட்டுவிட்டு நோயாளி படுத்த பாய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அப்போது தெரியவில்லை.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். விசேஷ வீட்டு மண்ணில் எங்கள் சாமான்களில் முதலில் இறங்குவது அடுப்பாகத்தான் இருக்க வேண்டும். கரண்டிகூட அதற்கு முன்னால் கீழே படக்கூடாது. அடுப்பை இறக்கி, சூடம் காட்டி, அப்புறம்தான் மற்றது. என் மாமனார் காலத்திலிருந்து வருவது. என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போவதை மறப்பார், இதை மறக்க மாட்டார். எங்கள் அடுப்புகள் கனத்த இரும்பில் செய்தவை, ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். டிரைலருக்கோ கதவு பின்னால் மட்டும்தான். முதலில் இறங்க வேண்டுமென்றால் கடைசியில் ஏற வேண்டும். ஆகவே அடுப்புகள் எப்போதும் டிரைலரின் வால்பக்கம். முன்பக்கம் முழுக்கத் தட்டு, மூங்கில் கூடை, வாழை இலைக் கட்டு. திரும்பி வரும்போதும் அடுப்பு ஆறத் தாமதமாகும் என்பதால் அதுதான் கடைசியில் ஏறும், மறுபடி வால்பக்கம்.

பூப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம். அதுதான் எனக்குக் கடைசி என்று பேச்சு. மதியப் பந்தி முடிகிற நேரம் மலை மழை பிடித்துக்கொண்டது. ஓலைக் கொட்டகை ஒழுகி அடுப்பெல்லாம் அணைந்து நனைந்து, தொட்டால் சில்லென்று இருந்தன. துருப்பிடித்துவிடும் என்று ஆட்கள் அவற்றைத்தான் முதலில் தூக்கி உள்ளே தள்ளினார்கள். வீடு திரும்பும்போது எதற்கும் சட்டம் இல்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கட்டிலில் படுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வருவது வரட்டும் என்று கண்ணை மூடினேன்.

யாரோ என் கன்னத்தைத் தட்டினார்கள். விழித்தால் வீட்டுக்காரர், முகம் வெளுத்துப்போய். வண்டி முந்தலில் நிற்கிறது. பின்னால் முனகல் சத்தமே வரவில்லையே என்று நிறுத்திப் பார்த்திருக்கிறார், நான் அசையாமல் கிடக்கவும் மயங்கிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். தூங்கியிருக்கிறேன். அத்தனை வளைவும் தூங்கியிருக்கிறேன். எழுப்பியதற்காக அவரை நன்றாகத் திட்டினேன், திட்டிக்கொண்டிருக்கும்போதே இடுப்பு வலிக்கவில்லை என்பது உறைத்தது.

இறக்கம், அரிசி பருப்பு தீர்ந்து பாரமும் குறைவு, அதான் என்றார் அவர். இத்தனை நாளும் இறக்கத்தில்தானே இறங்கினோம், என்றைக்கு நான் தூங்கினேன் என்று கேட்டேன். வீட்டு வாசலில் டிரைலர் கதவைத் திறந்தால் முதலில் சரிந்து விழுந்தவை கூடைகள். அடுப்பு மூன்றும் உள்ளே முன்பக்கம் கிடந்தன. நான் அங்கேயே நின்றுவிட்டேன். சின்ன வயதில் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்புகிற ஏற்றப்பலகையில் விளையாடியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாலில் பாரம் ஏற ஏற, கொக்கிப் பக்கம் மேலே எழும்பி வேனையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறது.

அவர் நம்பவில்லை. அப்படியானால் ஒரு தடவை நீங்கள் பின்னால் படுங்கள் என்றேன். மறுநாள் பட்டறை அண்ணனை ஓட்டச் சொல்லி, அடுப்புகளை வால்பக்கம் ஏற்றி, இவரைக் கட்டிலில் படுக்க வைத்து, சிலமலை ரோட்டில் ஒரு நடை போகச் சொன்னேன். நான் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவர் தலையைத் தடவிக்கொண்டே இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை.

"இதுலயா நீ இம்புட்டு நாளு வந்த?" என்றார். சத்தமே வெளியில் வரவில்லை.

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

அடுப்புகளை முன்னால் மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். ஒரேயடியாக முன்னால் தள்ளினால் கொக்கியில் பாரம் அதிகமாகி வேன் குந்திக்கொள்கிறது. டிரைலர் சக்கரத்துக்கு நேரே, அதிலிருந்து கொஞ்சமே முன்னால் வைத்தால் வண்டி சொன்ன பேச்சு கேட்கிறது. புதிதாக வைத்த ஸ்பிரிங் பட்டையைக் கழற்றியாயிற்று, டயர் காற்றையும் பழைய அளவுக்குக் குறைத்தாயிற்று. எல்லாம் சரி. ஆனால் அடுப்பு நடுவில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க வேண்டுமென்றால் முதலில் கூடையும் அண்டாவும் இறங்க வேண்டும். இவர் முகம் சுருங்கிவிட்டது. என் இடுப்பா, அவர் அப்பாவின் சட்டமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என் பக்கம்தான் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் மனசுக்குள் உறுத்திக்கொண்டே சமைத்திருப்பார். அவர் உறுத்தலோடு சமைத்தால் சாம்பாரில் தெரியும்.

அன்று பட்டறையில் ஆட்டோ ஒன்று நின்றது. அதில் ஆட்கள் பக்கவாட்டில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்ணே, கதவு பின்னாடிதான் இருக்கணும்னு யாரும் சொன்னாங்களா? பக்கத்துல ஒண்ணு வெட்டுங்க. அடுப்பு அது வழியா முதல்ல எறங்கிரும்" என்றேன்.

பட்டறை அண்ணன் என்னையும் டிரைலரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டினார். வீட்டுக்காரர் ஓடிப்போய் தகட்டைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த சடங்கு மலைமேல் ராஜகுமாரி என்கிற ஊர்ப் பக்கம். கிளம்பும்போது நான் கட்டிலில் படுக்கவில்லை, உட்கார்ந்தேன். முந்தல் தாண்டியது. முதல் வளைவில் பழக்க தோஷத்தில் கம்பியைப் பிடித்தேன். இரண்டாவது வளைவில் விட்டுவிட்டேன். பள்ளத்தில் வண்டி ஒரு தடவை குலுங்கியது, அடங்கியது, அவ்வளவுதான். அதன் பிறகு கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பூண்டை உரிக்க ஆரம்பித்தேன். எவ்வளவு நாள் ஆயிற்று! நிம்மதி என்பதற்கு எனக்கு இன்றுவரை அந்த வாசனைதான்.

போடிமெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ஓரமாக நின்றது. டிரைலரில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்காரர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து, தரையில் கிடந்த தோலையும் கிண்ணத்தில் பாதி நிறைந்திருந்ததையும் பார்த்துக்கொண்டு நின்றார். வாசனை முன்னால் வரைக்கும் வந்திருக்கிறது. பிறகு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கைப்பிடி எடுத்துத் தானும் உரிக்க ஆரம்பித்தார். சிறிது நேரத்தில் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"இந்த வெங்காயம் கண்ணுல ஏறுது" என்றார்.

நான் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். முப்பது வருஷமாகச் சமைக்கிற மனுஷன், கையில் இருப்பது பூண்டு என்று அவருக்குத் தெரியாதா என்ன? சொல்லிக் காட்டலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டேன்.