ரோஜாக்காரர் கைவிட்ட பெயர்

என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்ட பெரிய மனுஷரே, உங்கள் பெயரை இங்கே எழுத மாட்டேன். படித்ததும் உங்களுக்கே உறைக்கும். அடுத்தவர் வேண்டாமென்று விட்டதை எடுத்துக் காசாக்குகிற தொழிலில், விட்டவருக்குத்தான் கோபம் அதிகம். இதே மாதிரி ஒருத்தரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள் நிறைய பேர் இதைப் படிப்பீர்கள். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

இரும்பிலிருந்து பெயருக்கு

ஓசூர் லேத் பட்டறைகளில் விழும் இரும்புச் சுருளை எடை போட்டு வாங்கி விற்றவள் நான். கிலோவுக்கு ஐம்பது காசு இறக்க ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்துவேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் ஏமாந்து படித்தது. பெரிய முதலாளிகள் மொத்தமாக ஏலம் எடுக்க ஆரம்பித்ததும் கடையை விற்றுவிட்டேன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை மஞ்சுநாத்தான் இந்த வழியைக் காட்டினார். இணையதளத்தின் பெயருக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பெயரைத் தேடி வரும் கூட்டம் உடனே நிற்காது. வருகிறவர்களுக்கு ரெண்டு கட்டுரை, நடுவில் நாலு விளம்பரம். யாராவது விளம்பரத்தைத் தட்டினால் நமக்குச் சில்லறை. "இதெல்லாம் ஒரு வியாபாரமா?" என்று சிரித்தேன். மஞ்சுநாத் சொன்னார்: "அக்கா, நீங்க இத்தனை வருஷம் பண்ணதும் இதுதானே? அது துருப்பிடிக்கும், இது பிடிக்காது. அவ்ளோதான்."

யானை விசாரணை

நான் வாங்கிய முதல் பெயர், சானமாவுக் காட்டு யானைகள் எந்தப் பக்கம் நடமாடுகின்றன என்று யாரோ புண்ணியவான் எழுதிவந்து, பிறகு கைவிட்டது. 'யானை பற்றிப் பத்துத் தகவல்கள்' என்று ஒன்றை எழுதி, கீழே என் கைப்பேசி எண்ணைப் போட்டேன். தயவுசெய்து நீங்கள் யாரும் போடாதீர்கள். காலை ஐந்து மணிக்கு ஒரு விவசாயி கூப்பிட்டு, யானைக் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்டார். "உங்க ராகிக்கு நான் என்ன காவல்காரியா?" என்று கத்திவிட்டு வைத்தேன்.

வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்த மனுஷனுக்கு அது ஒரு வருஷத்துச் சாப்பாடு. வனத்துறை எண்ணைத் தேடிப் பிடித்து, பக்கத்தின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன். "நம்பரு போட்டது சரிம்மா. அதுக்குக் கீழ எதுக்கு மெத்தை விளம்பரம்? யானை பயத்துல இங்க எவன் தூங்கறான்?"

வாடின பெட்டிகள்

இனி உங்கள் கதை. உங்கள் ரோஜாப் பண்ணையின் பெயர் காலாவதியாகப் போகிறது என்று வந்த கடிதமெல்லாம், வேலையை விட்டு பெங்களூருக்குப் போன உங்கள் கணக்குப்பிள்ளையின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. நீங்கள் பார்க்கவில்லை. பெயர் காலியானதை நான் பார்த்தேன், வாங்கினேன். ரோஜா வளர்ப்பு பற்றி எழுதி, 'இது பண்ணையின் தளம் அல்ல' என்று உச்சியில் போட்டும் வைத்தேன். யார் படிக்கிறார்கள்? உங்கள் அட்டைப்பெட்டிகளில் இன்னும் அந்தப் பெயர்தானே அச்சாகி வருகிறது.

பெங்களூர்க் கல்யாண அலங்காரக்காரர் ஒருத்தர், பெட்டியில் இருந்த பெயரைத் தேடி என் பக்கத்துக்கு வந்து, அங்கிருந்த எண்ணில் கூப்பிட்டு, பாதி கன்னடமும் பாதி தமிழுமாக, வந்த பூவெல்லாம் வாடிப்போச்சு என்று என்னைப் பிடித்துக்கொண்டார். பண்ணைக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று கன்னடத்திலேயே அரை மணி நேரம் சண்டை போட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி மேடம், பண்ணை உங்களது இல்லை, ஒப்புக்கறேன். இவ்ளோ தைரியமா பேசறீங்களே, பாதி விலைக்கு நல்ல பூவு எங்க கிடைக்கும்னு சொல்லுங்க."

பேரம்

பேரை உங்களுக்கே விற்றுவிடலாம் என்று குருபரப்பள்ளிப் பக்கம் உங்கள் கொட்டகைக்கு வந்தேன். இருபத்தைந்தாயிரம் கேட்டேன். எட்டாயிரத்துக்கு இறங்குகிற யோசனையில்தான் இருந்தேன், அது என் வழக்கம். நீங்கள் விலையே கேட்கவில்லை. "என் பேரை எனக்கே விக்க வந்தியா?" என்றீர்கள். "நீங்க தூக்கிப் போட்டதுங்க, நான் பொறுக்கினது" என்றேன். கொட்டகையே திரும்பிப் பார்க்க நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இந்தப் பேரை வெச்சு நீ ஒரு பைசா பார்க்காம பண்றேன், இரு!"

ஆளுக்கு நாற்பது

மறுவாரமே ரோஜாப் பக்கத்தின் வருமானம் ஐந்து மடங்கு ஏறியது. மஞ்சுநாத் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அந்த உற்சாகத்தில், ஐயாயிரம் குறைத்துப் பேசலாமென்று திரும்ப உங்கள் கொட்டகைக்கு வந்தேன். நீங்கள் இல்லை. தேநீர் நேரம். பூ கட்டும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கைப்பேசியில் தட்டு தட்டென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். என் பக்கத்தின் விளம்பரங்கள்!

உண்மையைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன். என் பங்குத் தப்பு அது, எழுதிவிட்டேன். நான் யாரென்று தெரியாமல் தெலுங்குக்கார அம்மா ஒருத்தி விரலைச் சொடுக்கியபடி சொன்னாள்: "ஆளுக்கு நாப்பது தட்டணுங்க. ஒரு தட்டுக்கு அந்தம்மாவுக்கு அம்பது ரூபா தெண்டமாம், ஓனரு சொன்னாரு. பாவம், யாரு பெத்த பொண்ணோ!"

கணக்கு மூடிய நாள்

தட்ட ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் விளம்பரக் கம்பெனியிடமிருந்து கடிதம். தட்டியதெல்லாம் போலியாம். வந்த பணமும் கிடையாது, கணக்கும் மூடியாச்சு. ரோஜா மட்டுமில்லை, யானை முதல் என்னுடைய பதினொரு பெயர்களும் அந்த ஒரே கணக்கில்தான் ஓடுகின்றன. எனக்குச் சோறு போடுவது அது மட்டும்தான். திரும்பப் போக இரும்புக் கடையும் இல்லை. ஒரே ஒரு முறை முறையிடலாம், தட்டியது யார் என்று ஆதாரம் வேண்டும் என்கிறார்கள்.

உங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். சத்தமாகச் சிரித்தீர்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பணம் வந்தது என் பக்கம்தான் என்று விளக்கியதும் சிரிப்பு நின்றது. பிறகு கேட்டீர்கள்: "அப்ப பன்னெண்டு நாளா என் கிட்ட சம்பளம் வாங்கிட்டு, என் ஆளுங்க உனக்கா வேலை பார்த்தாங்க?"

ஆமாம் ஐயா, உங்களுக்கும் நஷ்டம் எனக்கும் நஷ்டம் என்று ரெண்டு பேரும் சரிசமமாகத் தோற்றாகிவிட்டது, 'தட்டியது என் ஆட்கள், தட்டச் சொன்னது நான்' என்று ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் உங்கள் பெயரை உங்களுக்கே சும்மா தருகிறேன்.