முளைவிட்ட கதிருக்கு ஏலம்

இன்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். வாழைக்குலை, தேங்காய், சேவல் எல்லாம் சிரிப்பும் சத்தமுமாகப் போயின.

கடைசியாக, தாசையன் மாமா தன் வயலில் அறுத்து வைத்த நெற்கதிர்க் கட்டு. வருஷா வருஷம் அதற்குத்தான் போட்டியே. ஏலம் விடுகிறவர் அதைத் தூக்கிப் பிடித்தார்.

துபாயிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஸ்டீபன் சொன்னான்: "மாமா, நடுவுல பச்சைப் புல்லு வச்சு கெட்டியிருக்கியளா? நல்லா இருக்கு."

"புல்லு இல்ல மக்கா, நெல்லு முளச்சிருக்கு. நட்டப்ப ஒரு சொட்டு மழ இல்ல. அறுக்கப் போற நேரத்துல விடாம பெஞ்சு, எல்லாம் சாஞ்சு தண்ணியில கெடந்துட்டு. இப்ப மழைக்கு ஒரு காலமும் கெடையாது."

மாமாவே தொடர்ந்தார்: "வெளஞ்சத தானே கொண்டு வர முடியும்?"

யாரும் ஏலம் கேட்கவில்லை. கடைசியில் மாமாவே கையைத் தூக்கினார். "நானே எடுத்துக்கிடுதேன்."

காணிக்கை வைத்தவரே அதைத் திரும்ப ஏலத்தில் எடுத்து நான் பார்த்ததில்லை.

பிறகு விளைச்சலுக்காக நன்றி சொல்லி ஜெபித்தோம். மாமாவின் ஆமென்தான் சத்தமாகக் கேட்டது.

மதியம் பண்டிகைச் சாப்பாடு. அரிசி ஆந்திராவிலிருந்து வந்தது.

உங்கள் சபையில் எந்த ஊர் அரிசி?