கோட்டூர்புரத்தில் கண்ணாடி எழுத்து கேட்

ரெட் ஆக்சைடு பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு கிஷன் ஞாபகம் வரும். கூடவே எரிச்சலும். சிரிக்காதீர்கள், இத்தனை வருஷம் கழித்தும்தான்...

மயிலாப்பூரில் ஒரு கிரில் பட்டறை. டிசைன் வேலைக்கு நான்தான். பெரிய டிசைன் ஒன்றும் இல்லை... சூரியன், மயில், மறுபடி சூரியன். அங்கே ராஜஸ்தானிலிருந்து வந்து சேர்ந்தான் கிஷன். தமிழில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி நாலு தட்டு தட்டினால் கொடி ஓடும், இலையில் நரம்பு தெரியும்.

முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் அவனைத்தான் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

கோட்டூர்புரத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டு கேட். நான் ஆசையாகக் காத்திருந்த வேலை அவனுக்குப் போனது. வெளிப்பக்கம் முழுக்க மல்லிகைக் கொடி, நடுவில் 'நிலவகம்' என்று வீட்டுப் பெயர். டிரேஸிங் பேப்பரில் பெயரை எழுதிக் கொடுத்தது நான். அவன் அதைப் பின்பக்கம் மேலே வரும்படி விரித்து, அதன்மேல் கம்பியை வளைத்து எழுத்துகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். தமிழ் படிக்கத் தெரியாதவனுக்கு எது சரியான பக்கம் என்று எப்படித் தெரியும்?

பக்கத்தில் நின்று பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஊருக்குப் போயிருந்த முதலாளி, கேட்டை மாட்டிய பிறகுதான் வந்து பார்த்தார். தெருவிலிருந்து பார்த்தால் பெயர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி இருந்தது. அவனுக்கு வேலை போச்சு என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

"எழுத்த எவன்டா பாத்தது?"

கிஷன் என்னைப் பார்த்தான். நான் பக்கத்தில் நின்றது அவனுக்குத் தெரியும்.

"நான் தப்பு ஸார்... நான்தான்."

அதற்குள் வீட்டுக்குள் நின்றிருந்த டீச்சரம்மா குரல் கொடுத்தார். "உள்ளேர்ந்து நன்னா படிக்க வர்றதே. எங்க பேரு எங்களுக்குத் தெரிஞ்சாப் போறும், விடுங்கோ."

அந்த கேட் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. கிஷன் அப்புறம் அடையாறில் சொந்தப் பட்டறையே போட்டான்.

இப்போது எனக்கும் கடை இருக்கிறது. கம்ப்யூட்டரில் படம் போட்டால் லேசர் வெட்டித் தள்ளுகிறது. வருகிறவர்கள் போனில் அந்த கேட் போட்டோவை நீட்டி, "இதே மாதிரி, பேரும் திருப்பிப் போட்டு" என்கிறார்கள். நானும் செய்து கொடுக்கிறேன்.

அவன் கைவேலை எனக்கு வராது. அது பழகிவிட்டது. ஆனால் அன்றைக்கு என் இடத்தில் அவன் நின்றிருந்தால், ஒரு வார்த்தை சொல்லியிருப்பான்... அந்தப் பொறாமைதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.