பலூன் கடைக்கு வாங்கிய அம்புகள்

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் பலூன் குத்தும் கடை போடுகிறவர்கள் நாங்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று அம்பு எறியலாம். மூன்று பலூனும் உடைந்தால் பரிசு. அம்பு என்றுதான் நாங்கள் சொல்வோம். விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில் டார்ட் என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள் என்பதே எனக்கு இந்த வருடம்தான் தெரியும். அதுவரை வாங்கியதெல்லாம் என் வீட்டுக்காரர்.

அவர் பங்குனியில் இறந்துபோனார். காலையில் காப்பி கேட்டார். ஆற்றிக் கொண்டுவருவதற்குள் இல்லை. அதைப் பற்றி எழுத என்னிடம் வேறொன்றும் இல்லை.

நான் எதற்கும் பயப்படுகிறவள். பஸ் வரத் தாமதித்தால் கவிழ்ந்திருக்குமோ என்று நினைப்பேன். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியதுகூட அதனால்தான். ஒரு டீச்சர் கேள்வி கேட்பார் என்ற பயம், அடுத்த நாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. பங்குனிக்குப் பிறகு அந்தப் பயம் போய்விடவில்லை. ஆனால் தள்ளிப் போய் நின்றுகொண்டது. பக்கத்து வீட்டு டிவி மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வைகாசிக் கடைசியில் இடத்துக்காரர் போன் செய்தார். அருவிக்குப் போகிற பாதையில் ஒரு மரத்தடி, பதினைந்து வருடமாக அவர் எங்களுக்குத்தான் விடுகிறார்.

"தாயி, நான் கேக்கக் கூடாதுதான். தண்ணி விழுந்து மொத ரெண்டு ஞாயித்துக்கிழம கட நிக்கணும், கூட்டமும் நிக்கணும். நேந்திரம் சிப்ஸ் போடுதவன் ஒருத்தன் தெனமும் வந்து கேக்கான். ஒன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிரு."

"முடியும் அண்ணாச்சி" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மற்ற மாதங்களில் நான் பீடி சுற்றுகிறேன். அந்த மரத்தடி போய்விட்டால் பீடி மட்டும்தான். ஒரு தடவை கைவிட்ட இடம் குற்றாலத்தில் திரும்பக் கிடைக்காது.

பழைய அம்புகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. திறந்து பாயில் கொட்டினேன். பன்னிரண்டில் நாலுக்கு இறகு இல்லை. எல்லா முனையும் பழுப்பேறி இருந்தது. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் வைத்து அழுத்தினேன். அழுத்திய இடம் குழிந்தது, குத்தவில்லை. பதினைந்து வருடத்தில் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் நடந்தது ஒன்று உண்டு. கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா எறிந்த அம்பு பலூனில் பட்டு, வழுக்கி, பலகையில் மோதித் திரும்பி வந்தது. அவர் பக்கத்தில் நின்ற பெண் குழந்தையின் புருவத்தைத் தொட்டுவிட்டுக் கீழே விழுந்தது. ஒரு பொட்டு ரத்தம். அவர் மலையாளத்தில் சத்தம் போட்டார், என் வீட்டுக்காரர் பெரிய பொம்மையாக ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். அரை விரல் கீழே இறங்கியிருந்தால் கண். அந்த அரை விரலை நான் வருடம் முழுக்க அளந்துகொண்டிருந்தேன். புது அம்பு வாங்குங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "பாத்துக்கிடலாம்" என்பார்.

ஆகவே நான் வாங்கப் போனேன்.

மகள் தென்காசியில் ரெடிமேட் கடையில் வேலை பார்க்கிறாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். கடைக்காரர் மூன்று விதமாக எடுத்து வைத்தார்.

"வீட்டுப் பிள்ளைகளுக்கா, க்ளப்புக்கா?"

"பலூனுக்கு அண்ணாச்சி."

"பலூனுக்கா? இந்தா, இது போதும்." பிளாஸ்டிக் உடம்பு, இறகு பசையில் ஒட்டியது. தூக்கினால் கையில் எடையே தெரியவில்லை.

"இது சாரல்ல நிக்குமா?"

"சாரல்ல நாமளே நிக்க மாட்டோம், அது எங்க நிக்கும்."

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று அவள் பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

இரண்டாவது பித்தளை உடம்பு. தண்டைத் திருகிக் கழற்றலாம். இறகு உடைந்தால் இறகு மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அம்பைத் தூக்கிப்போட வேண்டாம். மூன்றாவது ஏதோ வெளிநாட்டு உலோகம். போட்டிக்குப் போகிறவர்கள் வாங்குவது என்று சொல்லி அவரே திரும்ப உள்ளே வைத்துவிட்டார். நான் பித்தளையை எடுத்துக் கண்ணாடி மேஜையில் உருட்டினேன். கோணல் இருந்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். விரலில் குறுக்காக நிறுத்திப் பார்த்தேன். அப்புறம் என் ஒரு கால் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்து எறிந்தேன்.

"யக்கா, என்ன செய்யுதிய?"

"குத்துதா இல்லையான்னு பாக்கேன்."

"நல்லா பாருங்க. நல்ல வேள, கழத்திட்டுப் பாக்கிய."

குத்தி நின்றது. பிடுங்க வேண்டியிருந்தது. எனக்கு அது போதும். குத்தி நிற்கிற அம்பு திரும்பி வராது.

மகள் போனைக் காட்டினாள். "யம்மா, இதே மாதிரி ஆன்லைன்ல பாதி வெலைக்கு வருது பாரு."

"வரும் வரும்" என்றார் கடைக்காரர். "வந்து சேருததுக்குள்ள அருவில தண்ணி நின்னுரும். முன கோணலா இருந்தா யாருட்ட போயி கேப்ப? எங்கிட்டன்னா நாளைக்கும் வந்து சண்ட போடலாம்லா."

அது எனக்குச் சரியாகப் பட்டது. சண்டை போட ஒரு ஆள் இருப்பதும் விலையில் சேர்த்திதான். பன்னிரண்டு அம்பு வாங்கினோம். தனி இறகு இரண்டு பாக்கெட். முனை தீட்ட ஒரு சின்னக் கல் சும்மா கொடுத்தார். பலகைக்குப் பின்னால் தொங்கவிட ஒரு கயிற்றுப் பாய் வேண்டும், தவறிப் போகிற அம்பை அது வாங்கிக்கொள்ளும். அதைப் புளியரையில் ரோட்டோரம் வாங்கினால் மலிவு என்று பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். எல்லாம் நன்றாக வாங்கியிருக்கிறேன் என்றே நினைத்தேன். நினைத்தேன் என்பது சரிதான். மகிழ்ச்சி என்று ஒன்றும் வரவில்லை.

ஆனி பிறந்து தண்ணீர் விழுந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பலகையைக் கட்டி, வழக்கம்போல ஐந்தடியில் கயிறு போட்டு, பலூன் ஊதிக் கட்டினேன். பலூன் ஊதுவது எப்போதும் என் வேலை. ஈரத் தலையோடு குளித்துவிட்டு வருகிறவர்கள் நிற்க ஆரம்பித்தார்கள். முதலில் எறிந்தவன் ஒரு காலேஜ் பையன். மூன்றும் உடைந்தது. அவன் கூட்டாளி எறிந்தான். மூன்றும். ஒரு வயசான அம்மா, வாழ்க்கையில் எதையும் எறிந்திராதவர் மாதிரி இருந்தார், அவர் இரண்டு உடைத்தார். பதினோரு மணிக்குள் பொம்மை தீர்ந்தது. பிறகு எவர்சில்வர் டம்ளர், அதற்குப் பிறகு சீப்பு, கண்ணாடி. கூட்டம் வளைத்து நின்றது. "இந்தக் கடயில கண்ண மூடிட்டு எறிஞ்சாலும் டம்ளர்லே" என்று ஒருவன் தூரத்தில் போகிறவனைக் கூப்பிட்டான்.

பக்கத்தில் ரம்புட்டான் விற்கிற பெண், பல வருடப் பழக்கம், கூடையை மூடி வைத்துவிட்டு வந்தாள்.

"யக்கா, என்ன அள்ளி அள்ளிக் குடுத்துக்கிட்டு இருக்க? அண்ணாச்சி இருக்கும்போ ஒரு நாளைக்கு மூணு பொம்ம போனா சாஸ்தி."

"அம்பு புதுசு" என்றேன்.

"புதுசுன்னா தேய்க்கலையா?"

"எத?"

அவள் என்னைப் பார்த்தாள், என் மகளைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒனக்குத் தெரியாதாக்கா? சீசனுக்கு முன்னாடி அண்ணாச்சி அந்தா, அந்தப் பாலத்துச் சொவர்ல வச்சு முனைய மழுக்குவாவள்லா. மழுங்குன அம்பு, பாதி ஊதுன பலூனு. பட்டா வழுக்கிட்டுப் போயிரும். எல்லாவனும் அப்படித்தான் செய்யுதான். பதினஞ்சு வருசமா ஊதுதவ நீ. ஒனக்குத் தெரியாதுன்னா நான் நம்பணும்?"

அவள் நம்பவில்லை. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

எனக்கு இளைப்பு உண்டு. சாரல் காற்று ஆகாது. நான் பலூனை வாயில் வைத்தால் அவர் கையைக் காட்டுவார். "அரை வாய் போதும். ஒனக்கு இளைக்கும்லா." பதினைந்து வருடம், ஒவ்வொரு சீசனும், ஒரு நாளைக்கு எத்தனை தடவையோ. அது என் மூச்சுக்காகச் சொன்னது என்றுதான் நான் வைத்திருந்தேன். அவர் வேறு எதிலும் என்னிடம் அப்படிக் கரிசனமாகப் பேசியதில்லை, அதனால் நன்றாக நினைவில் வைத்திருந்தேன். ஒரு தடவை காற்றடிக்கிற கைப் பம்பு வாங்கலாமா என்று கேட்டேன். "வாயால ஊதுனாத்தான் அளவு தெரியும்" என்றார். என் மூச்சுக்காக என்றால் பம்பு வாங்கியிருக்க வேண்டும். அளவுக்காக என்றால் இளைக்கும் என்று சொல்லியிருக்க வேண்டாம். மரத்தடியில் நின்றுகொண்டு இதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. யாரோ பாக்கி அம்பைக் கேட்டார்கள், கொடுத்தேன்.

மதியத்தோடு பரிசு இல்லாமல் கடையை மூட வேண்டியதாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடத்துக்காரர் வருவார். இப்படியே போனால் அதுவரை கடை நிற்காது.

"அரம் வாங்கிட்டு வரட்டாம்மா?" என்றாள் மகள். "எல்லாரும் செய்யுததுதான. நாம மட்டும் என்ன?"

மறுநாள் காலை வாங்கி வந்தாள். ஒரு அம்பை எடுத்துத் தேய்த்தேன். பித்தளைக்கு முன்னால் இருக்கிற அந்த இரும்பு முனை சீக்கிரமாகவே மழுங்கியது. ஒரு பலூனை அரை வாய் ஊதிக் கட்டி, கயிற்றில் நின்று எறிந்தேன். பலூன் உள்ளே குழிந்து, அம்பைத் தள்ளிவிட்டது. பலகையின் விளிம்பில் பட்டுத் திரும்பி, என்னைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தது. குழந்தைகள் நிற்கிற இடம்.

"சத்தமில்லாம வந்துட்டும்மா" என்றாள் மகள்.

அந்த அம்பைப் பழைய டின்னில் போட்டேன். மற்றப் பதினொன்றைத் தொடவில்லை.

கயிற்றைப் பின்னால் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். முடிவு என்பதுகூடப் பெரிய வார்த்தை. வேறு எதுவும் தோன்றவில்லை. பாதையை மறிக்க முடியாது, ஆகவே பலகையைத்தான் மரத்துக்கு அந்தப் பக்கம் வேருக்கு மேல் ஏற்றிக் கட்டினோம். ஐந்தடி ஒன்பதடி ஆனது. அங்கிருந்து பார்த்தால் அரை வாய் பலூன் எலுமிச்சம்பழம் மாதிரித் தெரிந்தது. மகள் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்: முனை கூர்மையானது, கயிற்றைத் தாண்டாதீர்கள், சின்னப் பிள்ளைகள் எறியக் கூடாது. சாயங்காலம் கடை எடுக்கும்போது ஒவ்வொரு அம்பையும் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றினேன். சாரலில் ஒரே நாளில் துருப் பிடித்துவிடும்.

இப்போது உடைக்கிறவர்கள் உடைத்தார்கள், மற்றவர்கள் தவறவிட்டார்கள். தவறியது பாயில் பொத்தென்று குத்தி நின்றது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஒன்பதடி என்றதும் ஆண்களுக்கு ஒரு ரோசம் வந்தது, மனைவிகளைப் பிடித்து நிறுத்திவைத்து எறிந்தார்கள்.

இரண்டாம் ஞாயிறு இடத்துக்காரர் குடையோடு வந்தார். கொஞ்ச நேரம் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். பிறகு முன்னால் வந்து கையை நீட்டினார். மூன்று கொடுத்தேன். ஒன்று உடைந்தது, ஒன்று பாயில் நின்றது, ஒன்று மரத்தில் குத்தியது.

"பலக என்ன தாயி அங்கன போயிருக்கு?"

"அம்பு கூரு அண்ணாச்சி. கிட்ட நின்னா எல்லாம் ஒடஞ்சிருது."

"ஒன் வீட்டுக்காரன் அம்ப மழுக்குனான், நீ பலகையத் தள்ளிக் கட்டிருக்க. ஆகமொத்தம் ஒண்ணுதான்." குடையை விரித்தார். "சரி, கூட்டம் நிக்கி. சிப்ஸ்காரன்ட்ட இல்லன்னு சொல்லிருதேன்."

ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அரை விரல் எனக்குத் தெரியும். இடம் நின்றுவிட்டது, அதற்குத் தலையை ஆட்டினேன்.

அந்த வாரம் மகள் கேட்காமலேயே கைப் பம்பு வாங்கி வந்தாள். என் இளைப்பு கூடியிருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து அவள் அடித்தாள், பலூன் இறுகிப் பெரிதாகிக்கொண்டே போனது.

"ஏட்டி, அரை போதும்" என்றேன்.

"ஏன், பம்புக்கும் இளைக்குமா?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் பலூனை வாங்கிப் பாதிக் காற்றை விட்டுவிட்டு முடிச்சுப் போட்டேன்.