கையை எடுத்துட்டு வாசிங்க

எங்கள் மருத்துவமனைக்கு சாஃப்ட்வேர் கன்சல்டன்டாக வரும் மேடத்துக்கு நான் வைத்த பெயர் ‘வாய்ப்பாடு டீச்சர்’. எதை அழிப்பதானாலும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, அடித்த வரியை முதலிலிருந்து உரக்க வாசிக்கச் சொல்வார். பன்னிரண்டு வருடமாக இங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை பத்து மணிக்கு, டிஸ்க்கில் இடம் நிரம்பி பதிவு கவுன்ட்டரின் சர்வர் படுத்துவிட்டது. கவுன்ட்டரில் ஒரே கூச்சல். அதில் சோதனைக்காக எடுத்து வைத்திருந்த நோயாளிப் பதிவுகளின் நகலை அழித்தால் இடம் கிடைக்கும். என் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள். ஒன்று நகல் இருக்கும் சர்வர், இன்னொன்று நோயாளிகளின் அசல் பதிவுகள் இருக்கும் சர்வர். அழிக்கும் கட்டளையை அடித்து முடித்தேன்.

“கையை எடுத்துட்டு வாசிங்க” என்றார் மேடம்.

பின்னால் நின்ற மருத்துவமனை நிர்வாகி தாம் தூம் என்று குதித்தார். “பாடம் நடத்துற நேரமா இது? என்டரைத் தட்டுய்யா!”

“வாசிக்காம தட்ட மாட்டார், சார்.”

பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். வரியின் தொடக்கத்திலேயே எந்த சர்வர் என்று இருக்கும். அதை வாசித்ததும் நிறுத்திவிட்டேன். அது அசல்.

வரியை அழித்துவிட்டு, ஜன்னல் மாறி மறுபடி அடித்தேன். இந்த முறை யாரும் சொல்லாமலே வாசித்தேன். பத்து நிமிடத்தில் வரிசை நகர்ந்தது.

மேடம் கிளம்பும்போது கேட்டேன். “இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சு, மேடம்?”

பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“ஒரு தடவை வாசிக்காம தட்டினேன். அதுக்கப்புறம் யாரும் என்னை வேலைக்கு வச்சுக்கல. அதான் கன்சல்டன்ட்.”