கூரை இல்லாத வீட்டுக் கல்யாணம்

எதிர்வீட்டு பிரெபெனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். தன்னை யாரும் கொண்டாடிவிடக் கூடாது. எங்கள் லாங்கலாண்ட் தீவில் அது நடக்கிற காரியமா? பிறந்தநாள் என்றால் வாசலில் கொடி ஏற்றுவோம். ஒருவன் வேலையில் பத்து வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தால் கேக் வெட்டுவோம். புது வேலி போட்டால்கூட அதற்கொரு பாட்டுக் கட்டி, அச்சடித்து, ஆளுக்கொரு தாள் கொடுத்துப் பாடுவோம். இந்த ஊரில் பிறந்துவிட்டு என்னைக் கண்டுகொள்ளாதீர்கள் என்பது, மீனாகப் பிறந்துவிட்டு ஈரம் ஒத்துக்கொள்ளாது என்பது மாதிரி.

இருபத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாதவனை நாங்கள் என்ன செய்வோம் என்று அவனுக்குத் தெரியும். அதனால் அந்தப் பிறந்தநாள் காலையில் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டான். அவனுடைய பள்ளித் தோழன் பால்லெ ஆட்களோடு வந்து காலைப் பிடித்து இழுத்து, பேக்கரிக்கு எதிரே விளக்குக் கம்பத்தில் கட்டி, தலையில் வாளித் தண்ணீரை ஊற்றி, மேலே பை பையாக லவங்கப்பட்டைத்தூளைக் கொட்டினான். கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி மாட்டிவிட்டார்களாம். நாங்கள் ஒன்றும் காட்டுமிராண்டிகள் இல்லை. ஒரு மாதத்துக்கு வாசம் போகவில்லை. ஊர் நாய்களெல்லாம் எஜமானர்களை இழுத்துக்கொண்டு அவன் பின்னால் போயின.

முப்பது வயதிலும் கல்யாணம் ஆகாதவனுக்குப் பட்டைத்தூள் கிடையாது, மிளகுத்தூள். எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கி அவன் வாசலில் ஆள் உயரத்துக்கு மிளகு அரைக்கும் குடுவை மாதிரி ஒன்றும் கட்டி வைத்தார்கள். தும்மித் தும்மி விலா பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்தான்.

எழுந்த பிறகு அவன் செய்த முதல் காரியம், கழிவுத்தொட்டி உறிஞ்சும் லாரி ஓட்டுகிற வேலையில் சேர்ந்ததுதான். "அந்த லாரி பக்கத்துல நின்னு எவனும் பாட்டுப் பாட மாட்டான்" என்று பால்லெயிடம் சொன்னானாம். அது உண்மைதான். அவன் வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், போனால் திறப்போம். பிரெபென் சந்தோஷமாக இருந்தான்.

பிறகு யுட்டெ வந்தாள். துறைமுகத்தில் மீனைப் புகையில் பதம் செய்கிற கடையில் வேலை. அவள்மேல் எப்போதும் புகை வாசம், இவன்மேல் இவன் வாசம். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பாள் அவள். வாய்த்துடுக்கானவள், எனக்குப் பிடித்தவள்.

அப்போது நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் மாதம், புதன்கிழமை. வேலிக்கு மேலாக எதிர்வீட்டைப் பார்த்தேன். கொடி ஏறியிருந்தது. உச்சியில் பச்சை மாலைகள் தொங்கின. யுட்டெ வெள்ளை உடையில் நின்றாள். அவளைச் சுற்றிப் பத்துப் பேர் பீர் குடித்து, பேசி, கைதட்டி, பிரெபெனைத் தோளில் தட்டினார்கள். கல்யாணம் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். வீட்டுக்குக் கூரை இல்லாததையும் பார்த்தேன். கூரை இல்லாத வீட்டில் கல்யாணம் செய்யக்கூடாதா என்ன? காதலுக்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றே தெரு முழுக்கச் சொல்லியும் விட்டேன். யாரும் மறுக்கவில்லை. கூப்பிடாத விருந்தைப் பற்றி விசாரிப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

எதிர்வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு. கல்யாணமாகிப் பன்னிரண்டரை வருஷத்தில் தாமிர விழா. அதற்கு வாசலைச் சுற்றித் தேவதாருக் கிளைகளால் பாதி வளைவு கட்ட வேண்டும். இருபத்தைந்தில் வெள்ளி விழா, அதற்கு முழு வளைவு. விடியற்காலையில் அக்கம்பக்கம் எல்லாம் திரண்டு, டிரம்பெட் ஊதி, பாட்டுப் பாடி, தம்பதியைப் படுக்கையிலிருந்து எழுப்ப வேண்டும். அவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் போல இரவு உடையில் வந்து வாயைப் பிளப்பார்கள். ஆனால் அடுப்பில் நாற்பது பன்ரொட்டி சூடாக இருக்கும், கசப்புச் சாராயம் கோப்பைகளில் ஊற்றித் தயாராக இருக்கும். அதுதான் வழக்கம்.

இவர்கள் தாமிர விழா பிப்ரவரியில் வந்தது. பனிப்புயலில் என் கதவையே திறக்க முடியவில்லை. அந்தக் குறையை வெள்ளி விழாவில் தீர்த்தே தீருவது என்று இருந்தேன்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களில் யாருக்கும் அன்று தெரியாதது அது. அவர்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் யுட்டெ கேட்பாள், "கட்டிக்கலாமா?" ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இவன் முகம் வெளுத்து, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பான். கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. தான் இவனுக்கு வேண்டாம், அதைச் சொல்ல இவனுக்குத் தைரியமில்லை என்று முடிவுகட்டினாள். ஓடென்ஸில் இருக்கிற தங்கை வீட்டுக்கு ஒரேயடியாகப் போவதென்று, இருபத்தைந்தாம் வருஷ ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். எந்தச் சனிக்கிழமை என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு, சத்தம் வராமலிருக்க சுத்தியலில் துணி சுற்றி அடித்து, வாசலைச் சுற்றி வளைவை நிறுத்தினோம். காகிதப் பூ, காகித இதயம், உச்சியில் வெள்ளித் தாளில் வெட்டிய இருபத்தைந்து. பார்க்க அவ்வளவு அழகு. அளவெடுத்தவன் பால்லெ. அவன் எடுத்த அளவில் கதவு வெளிப்பக்கம் பாதிதான் திறக்கும் என்பது பிறகு தெரிந்தது.

பால்லெ டிரம்பெட்டை எடுத்து ஊதினான். இருபது பேரும் தொடங்கினோம். நானே கட்டிய பாட்டு, பதினோரு சரணம்.

*வெள்ளை உடையில் நின்றாள் யுட்டெ,*
*வெயிலோ மழையோ பார்க்கவில்லை;*
*கழிவு லாரி ஓட்டும் பிரெபென்*
*கையைப் பிடித்தான், விடவே இல்லை!*

கதவு பாதி திறந்தது. யுட்டெ கோட்டு மாட்டி, பெட்டியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் பிரெபென், உள்ளாடையில், பேயறைந்தவன் போல. எத்தனையோ வெள்ளித் தம்பதிகள் நடித்துப் பார்த்திருக்கிறேன். இவனைப் போல நடித்தவன் கிடையாது. எல்லாரும் கைதட்டினோம். "விடவே இல்லை" என்ற வரியில் யுட்டெயின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பாட்டு நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை.

"பாருங்கடா, வெள்ளி விழாவுக்கு ஊர் சுத்தக் கிளம்பிட்டாங்க!" என்று பால்லெ கத்தினான்.

"பால்லெ, வழி விடு. எனக்கு பஸ் இருக்கு" என்றாள் யுட்டெ. பெட்டியை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. நிமிர்த்திப் பார்த்தாள். தேவதாரு ஊசிகள் கோட்டில் உதிர்ந்தனவே தவிர பெட்டி நகரவில்லை.

"அதெல்லாம் அப்புறம் போகலாம். முதல்ல எங்களுக்கு ரொட்டி போடு" என்று சொல்லி நான் பக்கவாட்டில் புகுந்தேன். பின்னாலேயே மற்றவர்களும் நண்டு மாதிரி ஒவ்வொருவராகப் புகுந்தார்கள். அந்த நெரிசலில் அவள் பின்வாங்கி அடுக்களைக்கே போய்விட்டாள்.

அடுப்பு சில்லென்று கிடந்தது. ஒரு பன்ரொட்டி இல்லை. அரைத் துண்டு கறுப்பு ரொட்டியும், ஒரு டப்பா அரைத்த ஈரலும் மட்டும். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது.

"இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள், பிரெபென்! ஒரே ஒரு நாள்! வந்தவங்களுக்கு ரொட்டி வாங்கி வைக்கத் தோணலையா உனக்கு? அவ்வளவு கருமியா நீ?"

"யாரு வருவாங்கன்னு எனக்கென்ன தெரியும்?" என்றான் பரிதாபமாக.

"நடிச்சது போதும், நிறுத்து."

ஈரலை மெல்லிசாகத் தடவி, இருபதாகப் பிரித்து உட்கார்ந்தோம். யாரோ கரண்டியால் கோப்பையைத் தட்டினார்கள். பிறகு எல்லாருமே தட்டினோம். தட்டினால் தம்பதி நாற்காலிமேல் ஏறி முத்தம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை நிறுத்த மாட்டோம். பிரெபென் பழக்கதோஷத்தில் நாற்காலியில் ஏறியும் விட்டான்.

யுட்டெ ஏறவில்லை. "போதும், நிறுத்துங்க!" என்று மேசையில் அடித்தாள். "எங்களுக்குக் கல்யாணமே ஆகலை."

இருபது கரண்டிகளும் அந்தரத்தில் நின்றன.

"ஆகலைன்னா?" என்றேன். "நான் என் கண்ணால பாத்தேனே. கொடி, மாலை, பீரு..."

"அது வீட்டுக்கு உத்தரம் ஏத்தினதுக்குத் தச்சனுங்களுக்குக் குடுத்த விருந்து, ஹென்னி."

"அந்த வெள்ளை உடுப்பு?"

"பெயிண்ட் அடிக்கிற அங்கி."

உத்தரம் ஏறினால் உச்சியில் மாலை கட்டி ஆட்களுக்குப் பீர் கொடுப்பது ஊர் அறிந்த வழக்கம்தான். எனக்குத் தெரியாதா? ஆனால் பெயிண்ட் அடிக்கிற அங்கியை அவ்வளவு வெள்ளையாக வைத்திருந்தால் அது யார் தப்பு? இன்றுவரை இதற்கு யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

"இந்த ஆளுக்கு நான் வேண்டாம்" என்றாள் யுட்டெ. குரல் உடைந்துவிட்டது. "வருஷா வருஷம் கேட்டேன். வருஷா வருஷம் மூஞ்சி வெளுக்கும். போறேன்னு சொன்னப்பகூட வாயைத் திறக்கலை. இன்னும் எத்தனை நாள் நான் வெக்கங்கெட்டு நிக்கறது?"

எல்லாரும் பிரெபெனைப் பார்த்தோம். உள்ளாடையோடு நாற்காலிமேல் நின்றிருந்தான். அவன் வாழ்நாளில் அஞ்சி ஓடியது எதுவோ, அதன் நட்டநடுவில் நின்றிருந்தான்.

"எங்க அண்ணனோட தாமிர விழா" என்றான் மெதுவாக. "அன்னிக்கு நான் வாசல்ல கூட்டத்தோட நின்னேன். அவன் கிழிஞ்ச பைஜாமாவோட வந்து நின்னான். ஊரே பாடிச்சு. ஒரே போட்டோ. அவன் குழந்தை மாதிரி அழுதான். கல்யாணம்னு எடுத்தாலே எனக்கு அதான் ஞாபகம் வரும். கட்டிக்கிட்டா என்னிக்காவது ஒரு நாள் என் வாசல்லயும் இவங்க எல்லாம் வந்து நிப்பாங்களே... அதான் தள்ளிப்போட்டேன்."

"இதுக்கா?" என்றாள் யுட்டெ.

"ம்."

"இதுக்காகவா? என்னைப் பிடிக்காமப் போயிட்டுதோன்னு ராத்திரி ராத்திரி நான் அழுததெல்லாம் இதுக்கா?"

"உன்னை எப்படி எனக்குப் பிடிக்காமப் போகும்?" என்றான் அவன். நிஜமாகவே புரியாமல் கேட்டான். அந்த முட்டாளை அப்படியே அறையலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது எனக்கு.

பால்லெ தொண்டையைச் செருமினான். "அப்ப பிரெபென், நாங்கதான் வந்துட்டோமே. பாடியும் முடிச்சாச்சு. இன்னும் என்னத்துக்குப் பயப்படறே?"

பிரெபென் யோசித்தான். அவனுக்கு இது தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

யுட்டெ மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப வெளிய போ. அந்த வளைவுக்குக் கீழ நின்னு, இத்தனை பேர் முன்னாடியும் நீ கேளு. இருபத்தஞ்சு வருஷம் நான் கேட்டாச்சு."

"பேண்ட் போட்டுக்கலாமா?"

"வேண்டாம்."

போனான். நாங்களும் நண்டு மாதிரியே பின்னால் போனோம். வெறுங்காலோடு வளைவுக்கடியில் நின்றான். அவன் கண் ஒரு முறை லாரிப் பக்கம் ஓடியது. ஏறிப் போயே விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. பால்லெ பக்கம் குனிந்து, "சத்தமா ஊதுடா, நான் சொல்றது யார் காதுலயும் விழக்கூடாது" என்றான்.

"ஊதாதே" என்றாள் கதவிடுக்கில் நின்ற யுட்டெ. பால்லெ டிரம்பெட்டை இறக்கினான்.

"யுட்டெ" என்றான். காது சிவந்துவிட்டது. "என்னைக் கட்டிக்கறியா?"

"கேக்கலை."

"கட்டிக்கறியான்னு கேட்டேன்!" தெருக்கோடி நாய் குரைக்கிற அளவுக்குக் கத்தினான். "நீ போயிட்டா எனக்கு இந்த வீட்ல என்ன இருக்கு? ஒரு டப்பா ஈரல்தான் இருக்கு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதற்கென்ன வெட்கம், இருபது பேரும் அழுதோம். அந்த ஈரலையும் நாங்கள்தான் தின்று தீர்த்திருந்தோம்.

யுட்டெ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வந்தாள். கையில் அவனுடைய பேண்ட். அதை இடுக்கு வழியாக நீட்டினாள். "பேக்கரி திறந்திருக்கும். நாப்பது ரொட்டி வாங்கிட்டு வா. ஹென்னி மூஞ்சியைப் பாக்க முடியலை."

அக்டோபரில் நகராட்சி அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். யாரையும் கூப்பிடவில்லை. எந்தத் தேதி என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு மனத்தாங்கல்தான். அவ்வளவு தேவதாரு வெட்டியிருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜன்னலில் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நவம்பரில் ஒரு நாள் மழையில் பிரெபென் சாலையைத் தாண்டி வந்தான். வேலை முடிந்து நேரே வந்திருந்தான், வாசம் அவனுக்கு முன்னால் வந்துவிட்டது. உள்ளே வரவில்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான்.

"அக்டோபர் நாலு" என்றான். "நீ பாட்டுக்கு வேற எதையாவது பாத்துட்டு அதுலேருந்து எண்ண ஆரம்பிச்சுடாதே. அதான் சொல்லிட்டுப் போக வந்தேன்."

"தாமிர விழாவுக்குப் பாதி வளைவுதான்" என்றேன் விறைப்பாக.

"பாதி போதும். கதவை மட்டும் சரியா அளந்துக்குங்க." இரண்டு எட்டு போனவன் மழையில் நின்று திரும்பினான். "அதுக்குள்ள எனக்கு வயசாயிடும், ஹென்னி. காது கேக்குமோ என்னமோ. கொஞ்சம் சத்தமாவே பாடுங்க."